தெருவை மூடும் இசைவு: நகரச் சாலைப் பந்தயங்களும் ஓர் ஐயத்தின் வரலாறும்

2024 ஆகஸ்ட் 31. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நீளத்தில், 19 திருப்பங்களுடன் அமைக்கப்பட்ட தடத்தில் ஃபார்முலா 4 கார்கள் ஓட வேண்டிய நாள். கார்கள் வந்துவிட்டன, பார்வையாளர்கள் வந்துகொண்டிருந்தனர், ஒரு சான்றிதழ் மட்டும் வரவில்லை. பன்னாட்டு மோட்டார் வாகனக் கூட்டமைப்பின் தட உரிமத்தை நண்பகலுக்குள் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. அந்தக் கெடு பின்னர் இரவு 8 மணிவரை நீட்டிக்கப்பட்டது. பொழுது சாய்ந்த பிறகே கார்கள் தடத்தில் இறங்கின.

அந்நாள்களில் இப்பந்தயம் குறித்து ஐயம் எழுப்பியோர் இரண்டே வகையினராகப் பார்க்கப்பட்டனர்: ஒன்று, ஆளுங்கட்சியின் எதிரிகள், மற்றொன்று, வளர்ச்சியை விரும்பாதோர். இரண்டு பெயர்களும் ஓர் உண்மையை மறைத்துவிட்டன. பொதுச்சாலையில் மோட்டார்ப் பந்தயம் தோன்றிய காலத்திலேயே அதைப் பற்றிய ஐயமும் தோன்றிவிட்டது. இவ்விளையாட்டின் பாதுகாப்பு விதிகளுள் பெரும்பாலானவை அந்த ஐயத்துக்கு விடை தேடியபோது உருவானவையே. அவ்வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

1903 மே 24 அன்று பாரிஸ் நகரப் பகுதியிலிருந்து மாட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயம் போர்தோவைத் தாண்டவில்லை. வழியெங்கும் விபத்துகள். ஓட்டுநர்களோடு சாலையோரம் வேடிக்கை பார்க்க நின்றவர்களும் மாண்டனர். உயிரிழந்தோருள் ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களுள் ஒருவரான மார்செல் ரெனோவும் ஒருவர். பிரெஞ்சு அரசு தலையிட்டுப் பந்தயத்தைப் போர்தோவிலேயே நிறுத்தியது. ஊருக்கு ஊர் ஓடும் திறந்த சாலைப் பந்தயத்தின் மீது அரசுகளுக்கு இருந்த நம்பிக்கை அன்றோடு தளர்ந்தது.

அதே ஆண்டு கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயத்தை நடத்தும் வாய்ப்பு பிரிட்டனுக்கு வந்தது. பிரிட்டனின் சாலைகளில் வேக வரம்பு உண்டு, பந்தயத்துக்கு இடமில்லை. எனவே அயர்லாந்துச் சாலைகளை ஒரு நாள் மூடுவதற்கென்றே நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு, 1904-இல், மான் தீவின் சட்டமன்றமும் அவ்வாறே ஒரு சட்டம் செய்தது. அத்தீவின் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் இன்றுவரை மூடப்பட்ட பொதுச்சாலைகளில்தான் நடக்கின்றன. இங்கிலாந்தின் பெருநிலத்தில் அத்தகைய இசைவு கிடைக்காததால் 1907-இல் புரூக்லண்ட்ஸ் என்னும் தனித்தடம் கட்டப்பட்டது. பந்தயத்துக்கென்றே தனி இடம் என்னும் ஏற்பாடு அங்குப் பிறந்ததற்குக் காரணம், பொதுச்சாலையைத் தர மறுத்த ஒரு சமூகத்தின் தயக்கமே.

நூற்றாண்டின் நடுவில் இத்தயக்கம் மேலும் உறுதிப்பட்டது. 1955-இல் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் பார்வையாளர் பகுதிக்குள் சிதறி விழுந்ததில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதைத் தொடர்ந்து சுவிட்சர்லாந்து சுற்றுத்தடப் பந்தயங்களுக்குத் தடை விதித்தது. மின்கார்ப் பந்தயம் ஒன்றுக்காக 2018-இல் சூரிக் நகரில் விலக்கு அளிக்கப்படும்வரை அங்கு அத்தகைய பந்தயம் நடைபெறவில்லை. 1957 மே மாதம் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் குயிடிட்சோலோ ஊரருகே ஒரு கார் தடம் புரண்டு, ஓட்டுநர் இருவரோடு பார்வையாளர் ஒன்பது பேரும் இறந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். பொதுச்சாலைகளில் நடந்த அந்த வேகப் பந்தயம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

சென்னையின் கதையை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தோன்றியது. அதன் பந்தயங்கள் நடந்த இடம் அண்ணா சாலையோ கடற்கரைச் சாலையோ அன்று. நகருக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடமும் இப்படியொரு போர்க்கால விமானத்தளத்தில் உருவானதே. பின்னர் 1990-இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. 2003-இல் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய இந்தியர் இருவருள் நாராயண் கார்த்திகேயன் கோயம்புத்தூரையும், கருண் சந்தோக் சென்னையையும் சேர்ந்தவர்கள். மோட்டார்ப் பந்தயத்தின் மீது தமிழ்நாட்டுக்கு வெறுப்பு இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நகருக்குள் ஓடாமலே எழுபது ஆண்டுகள் இவ்விளையாட்டு இங்கு வளர்ந்தது. ஆகவே, ‘தடங்கள் இருக்கும்போது தெரு எதற்கு?’ என்று 2023-இல் எழுந்த வினா, விளையாட்டை அறியாதோர் கேட்டதாகாது. அவ்விளையாட்டின் உள்ளூர் வரலாற்றிலிருந்தே அது எழுந்தது.

அவ்வினாவுக்கு நேர்மையான விடையும் உண்டு. நிரந்தரத் தடத்தில் கார்கள் மட்டுமே காட்சி; தெருப் பந்தயத்தில் நகரமே காட்சி. நேப்பியர் பாலமும் போர் நினைவுச் சின்னமும் இரவு விளக்கொளியில் தொலைக்காட்சியில் தெரிவதற்காகவே நகர்ப் பந்தயங்கள் நடத்தப்படுகின்றன. மொனாக்கோ 1929 முதல் இதைத்தான் செய்கிறது. விற்கப்படுவது நகரத்தின் முகம் என்றால், அந்த முகத்துக்கு உரியவர்கள் விலை கேட்பது இயல்பே.

இனிச் சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 189ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துமூல இசைவின்றிப் பொது இடத்தில் வாகனப் பந்தயம் நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் குற்றமாக்குகிறது. அதற்கு முந்தைய 1939ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஏறத்தாழ இதே விதி இருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. ஆக, நள்ளிரவில் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டிப் பந்தயம் விடும் இளைஞனையும் ஃபார்முலா 4 ஓட்டுநரையும் சட்டத்தின் முன் பிரிப்பது ஓர் அரசாணை. அந்த ஆணையை அரசு எந்த அளவுகோலால் வழங்க வேண்டும், யாரைக் கேட்டு வழங்க வேண்டும் என்பதைப் பற்றி அப்பிரிவு எதுவும் கூறவில்லை.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றி இங்குக் குறிப்பிட விரும்புகிறேன். அரசு வழக்கில் ‘அனுமதி’, ‘இசைவு’ ஆகிய இரு சொற்களையும் ஏறத்தாழ ஒரே பொருளில் ஆள்கிறோம். அனுமதி மேலிருந்து கீழே வருவது. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். இசைவு என்பது ‘இசைதல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. அது இருவர் பொருந்துவதைச் சுட்டும். சட்டத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லும் உடன்படுதலைக் குறிப்பதே. ஆயினும் நடைமுறையில் அரசு நிறுவனத்துக்கு வழங்குவது அனுமதி. தெருவில் வாழ்வோரின் இசைவு அந்தத் தாளில் இடம்பெறுவதில்லை. நகரப் பந்தயங்களைச் சுற்றி எழும் ஐயங்கள் அனைத்தும் இந்த இடைவெளியில் முளைப்பவை என்பதே என் கருத்து.

சென்னைப் பந்தயம் முதலில் 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடப்பதாக இருந்தது. அதற்குச் சில நாள்கள் முன் மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்தது, பந்தயம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்கு முன்பே வழக்குகள் தொடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் கேட்கப்பட்டவை மிகவும் எளிய கேள்விகள். அண்ணா சாலை, சிவானந்தா சாலை, கொடிமரச் சாலை ஆகியவற்றை மூடினால் ஓமந்தூரார் மருத்துவமனைக்கும் அரசுப் பொது மருத்துவமனைக்கும் செல்வோர் என்ன செய்வர்? கார்களின் ஒலி நோயாளிகளை எவ்வாறு பாதிக்கும்? தனியார் நிறுவனம் நடத்தும் நிகழ்ச்சிக்குப் பொதுப்பணம் ஏன்?

2024 பிப்ரவரியில் நீதிபதிகள் ஆர். மகாதேவன், முகமது ஷஃபீக் ஆகியோர் அடங்கிய அமர்வு பந்தயத்துக்குத் தடை விதிக்க மறுத்தது. ஆனால் நிபந்தனைகள் விதித்தது. அரசு செலவிட்ட 42 கோடி ரூபாயைப் பந்தய நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பண நிபந்தனையை நீக்கிவிட்டது. பணத்தைப் பொறுத்தவரை ஐயம் எழுப்பியோர் தோற்றார்கள் எனலாம். எனினும் பாதுகாப்பைப் பொறுத்தவரை அவர்களின் கேள்விகள் வீண்போகவில்லை. தட உரிமம் இல்லாமல் ஒரு காரும் ஓடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை நீதிமன்றம் இறுதி மணி வரை உயிர்ப்புடன் வைத்திருந்தது அவ்வழக்குகளின் விளைவே.

உரிமச் சோதனையை வெறும் சடங்கு என எண்ணுவோர் 2023 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரில் நடந்ததைக் கவனிக்கலாம். அங்கு ஃபார்முலா 1 முதல் பயிற்சி ஓட்டம் தொடங்கிப் பத்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. சாலையில் பதித்திருந்த நீர்க்குழாய் வால்வு மூடி ஒன்று பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிய ஃபெராரி காரின் அடிப்பகுதியைப் பிளந்தது. பயிற்சி நிறுத்தப்பட்டது. பந்தயத் தடத்துக்கு அடியில் மண் இருக்கும்; நகரத் தெருவுக்கு அடியில் குடிநீரும் கழிவுநீரும் மின்கம்பியும் ஓடும். இரண்டு நாள் பந்தயத்துக்காகக் கான்கிரீட் தடுப்புகளும் வேலிகளும் பல நாள்களுக்கு முன்பே வந்து இறங்கும். முடிந்த பின்னும் உடனே அகலமாட்டா.

பிற நகரங்களின் பட்டறிவும் நமக்குப் பயன்படும். ஐதராபாத் 2023 பிப்ரவரி 11 அன்று உசேன் சாகர் ஏரிக்கரையில் இந்தியாவின் முதல் ஃபார்முலா இ பந்தயத்தை நடத்தியது. ஆட்சி மாறிய பின் 2024ஆம் ஆண்டுப் பந்தயம் ரத்தானது. அதே ஆண்டு டிசம்பரில், அதற்காகச் செலுத்தப்பட்ட தொகை முறையான ஒப்புதலுடன் வழங்கப்பட்டதா என்பது ஊழல் தடுப்புப் பிரிவின் வழக்காயிற்று. மக்களிடம் முன்கூட்டியே விளக்கப்படாத ஒப்பந்தம், அடுத்த ஆட்சியில் வழக்காகத் திரும்பி வருவதற்கு இது ஒரு பாடம். மெல்பர்ன் நகரில் ஆல்பர்ட் பார்க் பூங்காவைப் பந்தயத்துக்குத் தந்தபோது, 1994-இல் தனிச்சட்டம் இயற்றித் திட்டமிடல், சுற்றுச்சூழல் விதிகளிலிருந்து அதற்கு விலக்கு அளித்தனர்; மஞ்சள் நாடா கட்டிய எதிர்ப்பியக்கம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. சிங்கப்பூரோ வேறு வழியில் சென்றது. தாம்சன் சாலைப் பந்தயத்தை 1973-உடன் நிறுத்தி, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 2008-இல் மரீனா பேயில் இரவுப் பந்தயமாக மீண்டும் தொடங்கியது. செலவில் அறுபது விழுக்காட்டை அரசு ஏற்கிறது என்பதை அங்கு யாவரும் அறிவர். அப்பந்தயத்தையும் குறைகூறுவோர் உண்டு. ஆனால் அவர்கள் குறைகூறுவதற்கு ஒரு கணக்கு கையில் இருக்கிறது.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழலாம்: ‘தேரோட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் தெருவை மூடுகிறோமே, பந்தயத்துக்கு மட்டும் ஏன் இத்தனை கேள்வி?’ இது புறந்தள்ளத்தக்க வாதமன்று. நான் இப்போது வசிப்பது புணேயின் விஷ்ராந்த்வாடியில். ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் செல்லும் ஞானேஸ்வரர் பல்லக்கு ஆண்டுதோறும் இவ்வழியேதான் புணே நகருக்குள் நுழைகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹைபத்ராவ் பாபா ஆர்பள்கர் ஒழுங்குபடுத்திய மரபு அது. அன்று ஆளந்திச் சாலை முழுவதும் வாகனங்களுக்கு மூடப்படுகிறது; அலுவலகம் செல்வோர் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது; அலுத்துக்கொள்வோரும் உண்டு. ஆயினும் அந்தச் சாலைக்கு வேலி கிடையாது, நுழைவுச்சீட்டு கிடையாது. சாலையோரத்தில் வாழ்வோரே வாரகரிகளுக்குத் தண்ணீரும் உணவும் தருகிறார்கள். விரும்பியவர் இறங்கி நடக்கலாம். தேர் வடத்தை ஊரார் இழுக்கும் நம் தேரோட்டத்திலும் நிலை இதுவே. மூடப்பட்ட தெரு அங்கும் தெருவில் வாழ்வோரிடமே இருக்கிறது.

பந்தயத் தடத்தில் அவ்வாறு இருக்க இயலாது. வேலி இல்லாவிட்டால் உயிர்ச்சேதம் நேரும் என்பதைக் குயிடிட்சோலோ காட்டிவிட்டது. வேலியால் விலக்கி வைக்கப்படும் மக்களை வேறொரு வழியில் உள்ளே கொண்டுவந்தாக வேண்டும். இசைவு வழங்குவதற்கு முன் அவ்வட்டாரத்தில் வசிப்போரையும் மருத்துவமனைகளையும் வணிகர்களையும் அழைத்துக் கேட்பது ஒரு வழி. ஒப்பந்தத்தை முழுமையாக வெளியிடுவது மற்றொன்று. பந்தயம் முடிந்த பின் வரவு, செலவு, போக்குவரத்து, ஒலி ஆகியவற்றின் கணக்கைச் சட்டமன்றத்தில் வைப்பது மூன்றாவது. 189ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு இயற்றும் விதிகளிலோ ஆணைகளிலோ இவற்றைச் சேர்ப்பது அரிதன்று.

1903-இல் அயர்லாந்துச் சாலைகளை ஒரே ஒரு நாள் மூட ஒரு நாடாளுமன்றம் கூடி விவாதித்தது. 2023-இல் சென்னை மக்கள் கேட்டது அதைவிடப் பெரிதன்று. அவ்விவாதம் அவைக்கு வெளியே, வழக்குமன்றத்தில், பந்தயம் தொடங்க வேண்டிய நாள் வரை நடக்க வேண்டியதாயிற்று. அடுத்த முறை எந்த நகரம் தன் தெருவைத் தடமாக்க முனைந்தாலும், அக்கேள்விகளுக்கான விடைகள் கான்கிரீட் தடுப்புகள் வந்து இறங்குவதற்கு முன்பே வந்துசேர வேண்டும்.