கட்டடமும் கைத்திறனும் காடும்

முன்னோர் விட்டுச்சென்ற கலைச்செல்வங்களைக் காப்பது அரசின் கடமை என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் எதைக் காத்தால் அச்செல்வம் நிலைக்கும் என்னும் வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. இவ்வகையில் ஜப்பான் நாட்டின் அனுபவம் நம் சிந்தனைக்குரியது.

1868-இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின் எழுந்த மாற்றங்களால் பழைய ஆலயங்கள் பல ஆதரவிழந்து சீரழிந்தன. அவற்றைக் காக்க 1897-இல் ஒரு சட்டம் பிறந்தது. பின்னர் 1949 ஜனவரி 26 அன்று ஹோர்யூஜி என்னும் பௌத்த ஆலயத்தில் தீப்பற்றியது. உலகின் மிகப் பழைய மரக்கட்டடங்கள் நிற்கும் இடம் அது. அங்கிருந்த பழம்பெரும் சுவரோவியங்கள் கருகின. நாடே அதிர்ந்தது. அதன் விளைவாக, 1950-இல் பண்பாட்டுச் சொத்துக்கள் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

ஆயினும் சட்டம் காவல் நிற்க முடியுமேயன்றிக் கூரை வேய முடியாது. மரத்தால் ஆன ஆலயத்தைத் தலைமுறைதோறும் செப்பனிட வேண்டும். செப்பனிடும் கைகள் அருகிவந்ததை உணர்ந்த அரசு, 1975-இல் சட்டத்தைத் திருத்தி, பழுதுபார்க்கும் தொழில்நுட்பங்களையும் அவற்றில் வல்ல கைவினைஞரையும் காப்புக்குரியவையாக ஏற்றது.

கைகள் இருந்தால் மட்டும் போதுமா? கைவினைஞர் எடுத்தாளும் பொருள் எங்கிருந்து வருகிறது? ஹினோக்கி என்னும் சைப்ரஸ் மரத்தின் பட்டையால் பல ஆலயங்களின் கூரைகள் வேயப்படுகின்றன. கியோத்தோவின் கியோமிசு ஆலயக் கூரை 2020-இல் புதுப்பிக்கப்பட்டதும் இப்பட்டையால்தான். மரம் எழுபது, எண்பது ஆண்டுகள் வளர்ந்தபின்னரே பட்டை உரிப்பர். உயிருக்கு ஊறு நேராமல் வெளிப்பட்டையை மட்டுமே எடுப்பதால், எட்டுப் பத்து ஆண்டுகளில் மீண்டும் உரிக்கலாம். வெட்டாமலே பயன்கொள்ளும் இம்முறையைக் கண்டு நாம் வியக்கிறோம்.

தூண்களுக்குப் பூசும் உருஷி மெருகின் கதையோ வேறு. ரப்பர் மரத்தில் செய்வதுபோல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கின்றனர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த ஒரு மரம் தருவது ஏறத்தாழ 200 கிராம் மட்டுமே. பொதுவாக அதே பருவத்தில் மரம் வெட்டப்படும். அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர் எழும். மலிவான இறக்குமதி பெருகியபோது இத்தோப்புகளைப் பேணுவோர் குறைந்தனர்.

இந்நிலையில் பட்டையும் வைக்கோற்புல்லும் மெருகும் தரும் இடங்களைப் பண்பாட்டுக் காடுகளாகக் குறித்துப் பேணும் திட்டத்தை 2006-இல் அரசு தொடங்கியது. தேசியச் செல்வங்களான கட்டடங்களைச் செப்பனிட இயன்றவரை உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என 2015-இல் அறிவித்தது. அன்றைய உள்நாட்டு விளைச்சலோ தேவைக்குப் போதவில்லை. ஆணை ஒரு நாளில் பிறக்கும்; மரம் ஒரு நாளில் வளராது. 2020-இல் யுனெஸ்கோ இம்மரக்கட்டடக் கலையின் 17 தொழில்நுட்பங்களை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் சேர்த்துப் பெருமைப்படுத்தியது. ஆனால் பெருமையால் மட்டும் காடு வளர்வதில்லை.

முதலில் கட்டடம், பின்னர் கைத்திறன், இறுதியாகக் காடு என்று ஜப்பானியரின் பார்வை விரிந்ததை நாம் காண்கிறோம். உண்மையில் வரிசை நேர்மாறானது. காடு இருந்தது, அதனால் கைத்திறன் வளர்ந்தது, அதனால் ஆலயம் எழுந்தது. ஐந்தாண்டுக் கணக்கில் சிந்திக்கும் அரசுகள், எண்பதாண்டுக் கணக்கில் வளரும் மரத்தையும் தம் பண்பாட்டுக் கொள்கையில் சேர்க்கவேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். இன்று நடுபவர் அப்பட்டையால் வேய்ந்த கூரையைக் காணமாட்டார். எனினும் நட்டே ஆகவேண்டும்.