இரத்தக்குழாயை எண்ணிய காலம்: பெருங்குடல் புற்றுநோய் முன்கணிப்பில் ஓர் அளவீட்டின் வரலாறு

முன்னுரை

பெருங்குடல் புற்றுநோயின் இரண்டாம் நிலையில் கட்டி குடல் சுவரின் தசையடுக்கைத் தாண்டியிருக்கும், நிணநீர்க்கணுக்களுக்குப் போயிருக்காது. அறுவை சிகிச்சையோடு பெரும்பாலோர் குணமடைகின்றனர். சிலருக்கு நோய் திரும்புகிறது. அந்தச் சிலரை முன்கூட்டியே இனங்கண்டால், மற்றவர்களைக் கீமோதெரபியின் துன்பத்திலிருந்து காக்கலாம். 1932இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் கத்பர்ட் டியூக்ஸ் மலக்குடல் புற்றுநோயை ஏ, பி, சி என வகுத்தார். அன்று முதல், கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதே முன்கணிப்பின் அடிப்படை. 1990களில் அதனுடன் இரத்தக்குழாய் எண்ணிக்கையையும் சேர்க்க முயன்றனர். நோயின் போக்கைக் காட்டும் அடையாளம் வேறு, மருந்தின் பலனை முன்னறிவிக்கும் அடையாளம் வேறு என்பதை அம்முயற்சியின் வரலாறு நிறுவுகிறது.

கருதுகோளின் பிறப்பு

1960களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படையின் பெதெஸ்தா ஆய்வகத்தில் ஜூடா ஃபோக்மனும் ஃபிரெடெரிக் பெக்கரும் உடலிலிருந்து பிரித்தெடுத்த தைராய்டு சுரப்பிகளுக்குள் ஹீமோகுளோபின் கரைசலைச் செலுத்தி அவற்றை உயிரோடு வைத்திருந்தனர். அவற்றில் இட்ட புற்றுநோய்ச் செல்கள் ஓரிரு மில்லிமீட்டர் அளவில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டன. அதே கட்டிகளை எலிக்கு மாற்றியதும் வேகமாகப் பெருத்தன. செல்கள் சாகவில்லை, அவற்றுக்குப் புதிய இரத்தக்குழாய்கள்தாம் கிடைக்கவில்லை. கட்டி பெருக வேண்டுமானால் குழாய்களைத் தன்பால் வரவழைக்க வேண்டும், அதைத் தடுப்பதே சிகிச்சையாகலாம் என்று 1971இல் ஃபோக்மன் எழுதினார். ஆக்சிஜன் திசுவுக்குள் ஊடுருவும் தொலைவு 100 முதல் 200 மைக்ரான் வரைதான் என்பதால் இக்கருத்துக்கு உறுதியான அடிப்படை இருந்தது. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் புரதம் 1989இல் அடையாளம் காணப்பட்டது.

எண்ணும் முறை

1991இல் நோயல் வைட்னரும் ஃபோக்மனும் அடங்கிய குழு மார்பகப் புற்றுநோயில் குழாய் வளர்ச்சியை எண்ணாக மாற்றிக் காட்டியது. மெழுகில் பதித்த திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் பழுப்பாகத் தெரியும்படி சாயமேற்றுவர். குறைந்த பெருக்கத்தில் சீவல் முழுவதையும் பார்த்து, குழாய்கள் மிக அடர்ந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, 200 மடங்கு பெருக்கத்தில் எண்ணுவர். குழாயின் உட்துளை தெரிய வேண்டியதில்லை. தனித்து நிற்கும் ஒரு பழுப்புச் செல்லும் ஒரு குழாயாகவே கணக்கிடப்படும். நோய் பரவியிருந்த பெண்களின் கட்டிகளில் சராசரி எண்ணிக்கை 101, பரவாதவர்களிடம் 45.

பெருங்குடலில் முரண்கள்

இம்முறை விரைவில் பெருங்குடலுக்கும் வந்தது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் லீ எல்லிஸ் குழுவினர், குழாய் எண்ணிக்கையும் விஇஜிஎஃப் அளவும் நோய்ப் பரவலோடு தொடர்புடையவை என 1995இல் காட்டினர். நிணநீர்க்கணு பாதிக்கப்படாத நோயாளிகளிலும் இவை முன்கணிப்புக்கு உதவும் என்று 1997இல் எழுதினர். ஆனால் 1995இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு அத்தகைய தொடர்பைக் காணவில்லை. 1996இல் ஒரு ஸ்வீடன் ஆய்வோ, குழாய்கள் மிகுந்தவர்களே அதிக காலம் வாழ்ந்ததாகக் கூறியது.

முரண்பாட்டின் வேர் முறையிலேயே இருந்தது. ஒரு சாயம் காட்டிய குழாயை இன்னொன்று காட்டவில்லை. எந்த இடம் மிக அடர்ந்தது என்பதை நிபுணரின் கண்ணே முடிவு செய்தது. முறையை ஒழுங்குபடுத்த 1996இலும் 2002இலும் பன்னாட்டு ஒப்புரைகள் வெளியாயின. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்த 2006ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, மிகுந்த குழாய் அடர்த்தி மோசமான வாழ்நாளோடு இணைந்திருப்பதாகவே முடிவு கூறியது. எனினும், தொகுப்பில் தெரியும் சராசரிப் போக்கைக் கொண்டு தனியொரு நோயாளிக்குச் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியவில்லை.

மருந்து வந்த பின்

விஇஜிஎஃப்பைத் தடுக்கும் எதிர்ப்பொருளான பெவாசிசுமாப், கீமோதெரபியோடு சேர்ந்து, பரவிய நோயாளிகளின் இடைநிலை வாழ்நாளை 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக நீட்டியது. 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குழாய் மிகுந்த கட்டிகளில்தான் இம்மருந்து சிறப்பாக வேலை செய்யும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் அதே சோதனையின் திசு மாதிரிகளை ஆராய்ந்து 2006இல் வெளியான முடிவு அதற்கு இடமளிக்கவில்லை: குழாய் எண்ணிக்கையோ விஇஜிஎஃப் அளவோ மருந்தின் பலனை முன்னறிவிக்கவில்லை. அறுவைக்குப் பின் நோய் திரும்பாமல் தடுக்க இம்மருந்தைக் கொடுத்த இரு பெரும் சோதனைகளும் பலன் தரவில்லை. கல்லீரலுக்குப் பரவும் சில கட்டிகள் புதுக் குழாய்களை வளர்க்காமல், அங்கே ஏற்கெனவே உள்ளவற்றையே பற்றிக்கொள்கின்றன என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துக்கு அத்தகைய கட்டிகள் கட்டுப்படாதது வியப்பன்று.

முடிவுரை

இரண்டாம் நிலை பற்றிய கேள்விக்கு இன்று வேறு வழியில் விடை கிடைத்து வருகிறது. அறுவைக்குப் பின் இரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ தென்படுகிறதா என்று பார்த்துச் சிகிச்சையைத் தீர்மானித்த ஆஸ்திரேலியச் சோதனையின் முடிவு 2022இல் வந்தது. அதில் கீமோதெரபி பெற்றோர் 28 விழுக்காட்டிலிருந்து 15 ஆகக் குறைந்தனர். நோய் திரும்பாத வாழ்நாள் பாதிக்கப்படவில்லை. குழாய் எண்ணிக்கை ஆய்வுகள் பெரும்பாலும் கட்டியை விவரித்தன. இச்சோதனையோ அளவீட்டின்படி சிகிச்சையை மாற்றி, விளைவை ஒப்பிட்டது. ஓர் அளவீட்டை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதற்குமுன் அது இத்தகைய சோதனையைக் கடந்ததா என்று கேட்பதே, குழாய்களை எண்ணிய அந்த ஆண்டுகள் நமக்கு விட்டுச்சென்ற உறுதியான நெறி.