உரைவழி முன்னேற்றப் பட்டை

உரைவழி முன்னேற்றப் பட்டை என்பது நேரம் எடுக்கும் ஒரு கணினிப் பணி எவ்வளவு முடிந்துள்ளது என்பதை எழுத்துக்குறிகளைக் கொண்டே முனையத்தில் காட்டும் இடைமுக உறுப்பு ஆகும். கோப்புப் பதிவிறக்கம், மென்பொருள் நிறுவல், காப்புப் பிரதி எடுத்தல் போன்ற பணிகளில் இது பயன்படுகிறது. பட்டை இல்லாவிடில், நிரல் இயங்குகிறதா அல்லது நின்றுவிட்டதா என அறிய இயலாத பயனர் பணியை இடையிலேயே நிறுத்திவிடக்கூடும். விழுக்காட்டைக் காட்டும் குறிகாட்டிகளைப் பயனர்கள் விரும்புகின்றனர் என்பதை பிராட் மயர்சு 1985 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்.

கணக்கிடுதல்

[##########..............................] 25%

மேற்கண்ட பட்டை 40 இடங்களைக் கொண்டது. 1000 அலகுகளில் 250 முடிந்திருப்பதால் 10 இடங்கள் நிரம்பியுள்ளன. முடிந்த அளவை 40 ஆல் பெருக்கி, மொத்த அளவால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். சி மொழியில் முழு எண்களைக் கொண்டு முதலில் வகுத்துப் பின்னர் பெருக்கினால், பணி முடியும் வரை விடை சுழியமாகவே இருக்கும். பட்டை வெறுமையாக நின்று கடைசியில் ஒரே தாவலில் நிரம்பும். தொடக்கநிலை நிரலாளர்களிடம் இப்பிழை மிகுதி. மொத்த அளவு முன்கூட்டியே தெரியாத பணிகளில் பட்டைக்கு மாற்றாகச் சுழலும் கோடு காட்டப்படுகிறது.

வரியை மீள எழுதுதல்

ஆசுக்கி எண் 13 கொண்ட குறியுரு, சுட்டியை அதே வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவருகிறது. எனவே பழைய பட்டையின் மேலேயே புதிய பட்டையை எழுதலாம். எண் 10 ஐப் பயன்படுத்தினால் ஒவ்வொரு முறையும் புதிய வரி தோன்றும். புதிய வரிக் குறி வரும் வரை வெளியீடு இடையகத்தில் தேங்குவது வழக்கம் என்பதால், ஒவ்வொரு முறையும் அதனை வெளியேற்றும் கட்டளையும் தேவை. வெளியீடு கோப்புக்குத் திருப்பப்படும்போது பட்டையைத் தவிர்ப்பது நன்று. டபிள்யூகெட் நிரல் அவ்வேளையில் புள்ளிகளுக்கு மாறிவிடுகிறது.

தமிழ் உரையுடன் பயன்படுத்தல்

பட்டையின் அருகில் தமிழ்ச் சொல் இடம்பெறும்போது அகலக் கணக்குப் பிழைபடுகிறது. "கோப்பு" என்னும் சொல்லில் 3 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் இது 6 குறியுருக்கள், யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தில் 18 பைட்டுகள். பைத்தான் 3 இதன் நீளத்தை 6 என்றே தரும். ஓப்பன்-தமிழ் நிரலகம் சொல்லை எழுத்துகளாகப் பிரித்து 3 எனத் தரும். எனினும் இவற்றுள் எதுவும் திரையில் சொல் அடைக்கும் இடத்தின் அளவு அன்று. உயிர்மெய்க் குறிகளுக்கு எத்தனை கட்டங்கள் ஒதுக்குவது என்பதில் முனையங்கள் வேறுபடுகின்றன. கணக்கு தவறி வரி அடுத்த வரிக்கு மடிந்தால், சுட்டி மடிந்த வரியின் தொடக்கத்துக்கே திரும்பும். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் அரைகுறைப் பட்டைகள் திரையில் குவியும்.

தமிழ்ச் சொல்லை மேல்வரியில் ஒருமுறை மட்டும் அச்சிட்டு, கீழ்வரியில் பட்டையையும் எண்ணையும் மட்டும் புதுப்பிப்பது இச்சிக்கலைத் தவிர்க்கும் எளிய முறை ஆகும். ஒரே வரியில் அமைக்க வேண்டுமெனில், பட்டையை இடப்புறம் வைத்துத் தமிழ் உரையை வரியின் இறுதியில் சுருக்கமாக இடலாம்.