பிரச்சாரத்தைப் பகுத்தறியக் கற்பித்த நிறுவனம்

செய்தியைப் பகுத்தறியும் பயிற்சியைப் பள்ளிகளில் அளிக்க வேண்டும் என்னும் குரல் இன்று பல நாடுகளில் ஒலிக்கின்றது. இணையம் வந்தபின் எழுந்த சிந்தனை இது எனக் கருதுவோர் உளர். வானொலி கோலோச்சிய காலத்திலேயே அமெரிக்காவில் இம்முயற்சி ஊக்கத்துடன் தொடங்கி, பாதியில் நின்றுபோனதை நாம் இங்கு நினைவுகூர விழைகின்றோம்.

முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917இல் இறங்கியபோது, ஜார்ஜ் கிரீல் தலைமையிலான அரசுக் குழு மக்கள் மனத்தைப் போருக்கு ஆயத்தப்படுத்தியது. திரையரங்குகளில் படச்சுருள் மாற்றும் இடைவேளையில் நான்கு நிமிடம் பேசுவதற்கென்றே திரட்டப்பட்ட தன்னார்வலர் ஏறத்தாழ 75,000 பேர். தாம் நம்பிய போர்க்கதைகளுள் பல புனைவுகள் எனப் பின்னர் அறிந்தவர்கள் கசப்புற்றனர். 1930களிலோ, டெட்ராய்ட் அருகிலிருந்து பேசிய சார்லஸ் காக்லின் என்னும் பாதிரியாரின் வானொலி உரைகளைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர்; யூதர் மீதான வெறுப்பு அவற்றில் நாளடைவில் மேலோங்கிற்று.

இச்சூழலில், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த கிளைட் மில்லர் 1937இல் நியூயார்க்கில் பிரச்சாரப் பகுப்பாய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். பொருளுதவி செய்த பாஸ்டன் வணிகர் எட்வர்டு ஃபிலீன், அதன் பணியைக் காணாமலே அவ்வாண்டு செப்டம்பரில் மறைந்தார். நவம்பர் மாத மடலில் ஏழு உத்திகளை நிறுவனம் பட்டியலிட்டது: இழிபெயர் சூட்டல், பொருள் தெளியாத பளபளப்பான சொற்கள், மக்கள் போற்றும் ஒன்றின் மதிப்பை வேறொன்றின்மேல் ஏற்றல், பிரபலங்களின் சான்றுரை, 'நானும் உங்களில் ஒருவனே' என்னும் எளிமை வேடம், சாதகமானவற்றை மட்டும் அடுக்கல், 'எல்லோரும் சேர்ந்துவிட்டனர், நீயும் வா' என்னும் அழைப்பு. 1939இல் வெளியிட்ட நூலில், காக்லின் உரையின் வரிகளுக்கிடையே ஒவ்வோர் உத்திக்கும் ஒரு சிறு சித்திரக்குறியை இட்டுக் காட்டினர். பள்ளி மாணவனும் பேச்சாளரின் வித்தையைக் கையால் தொட்டுக் காட்ட இயன்றது.

ஆயினும் உத்தியை இனங்காண்பது வேறு, கூற்றின் மெய்ம்மையை அறிவது வேறு. மெய் உரைப்போரும் சான்றுரை காட்டுவர் அன்றோ? எதையும் நம்பாத மனப்போக்கையே இப்பயிற்சி வளர்க்கின்றது என அக்காலக் கல்வியாளர் சிலர் குறைகூறியது முற்றிலும் தவறன்று என்பதே நம் கருத்து.

நிறுவனம் நின்றதற்கோ காரணம் வேறு. ஐரோப்பாவில் போர் மூண்டபின், ஜெர்மானியப் பிரச்சாரத்தோடு பிரிட்டனின் பிரச்சாரத்தையும் அது அதே தராசில் நிறுத்தியது. பொறுப்பாளர்களிடையே பிளவு முற்றியது. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் நுழைந்தது. போர்க்காலத்தில் எல்லாத் தரப்பையும் நடுநிலையில் ஆராய்வது தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எனக் கூறி, 1942 ஜனவரியில் நிறுவனம் தன் இறுதி மடலை வெளியிட்டது. ஏழு உத்திகளின் பட்டியல் மட்டும் அமெரிக்கப் பாடநூல்களில் பல்லாண்டுகள் தொடர்ந்து இடம்பெற்றது.