காவிப் பல்லும் கிணற்றுத் தண்ணீரும்

எழுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்த்த தருமபுரிக்காரர் ஒருவர், சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வார். முன்பற்களில் குறுக்குக் குறுக்காகப் பழுப்புக் கோடுகள். வெற்றிலை, புகையிலை எதையும் தொடாத மனிதர். பெண் பார்க்கப் போன இடத்தில், "பையனுக்குக் கெட்ட பழக்கம் இருக்கும் போல" என்று ஒதுக்கிவிட்டார்களாம். உண்மையில் அது அவர் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் செய்த வேலை.

அந்த நோயை நம் நாட்டில் முதன்முதலாக விரிவாக எழுதி வைத்தவர்கள் நமக்குப் பக்கத்தில், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1937-இல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்ட கிராமங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தண்ணீரில் புளோரைடு அதிகம். சிறுவர்களுக்குப் பல் கறை, பெரியவர்களுக்கு முதுகெலும்பே விறைத்துப் போகிறது. ஷார்ட் பின்னாளில் மலேரியா ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றார். பண்டிட் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரானார்.

இதே புளோரைடு சிறிதளவு இருந்தால் பல்லுக்கு நல்லது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டு அளவுகோல். அதற்கு மேல் போய், பல் உருவாகும் சின்ன வயதிலேயே உடம்பில் சேர்ந்தால்தான் வினை. எனாமல் என்ற மேல் ஓட்டில் ஏறத்தாழ 96 சதவீதம் தாதுப்பொருள். அதைக் கட்டும் செல்கள், பல் ஈறைக் கிழித்து வெளியே வருவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு மறைந்துவிடும். எலும்பு முறிந்தால் கூடும்; எனாமல் போனால் போனதுதான்.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காவிரித் தண்ணீர் கிடைத்தது. ஏற்கெனவே கெட்டுப்போன பற்களுக்கு அது மருந்தாகாது.

சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஆண்டு 1953. இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலேயே ஒரு பெரிய பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கள் காலத்தில் பல் வலி என்றால் பெரும்பாலும் பிடுங்குவதுதான் வைத்தியம். மிஞ்சினால் குடைந்து, பாதரசம் கலந்த வெள்ளியை அடைப்பார்கள். 1955-இல் அமெரிக்காவின் புவனகோர், எனாமல் மேல் அமிலம் தடவிச் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாக ஒட்டும் என்று காட்டினார். பல் நிறத்திலேயே இன்று ஒட்டுவதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். ஆனாலும் அது ஒட்டுப்போடுவதே தவிர எனாமல் அல்ல.

எனாமலையே செய்ய முடியுமா? 2019-இல் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகத்தினர், கால்சியம் பாஸ்பேட்டின் மிக நுண்ணிய துகள்களைத் தடவி, பல்லின் மேல் அதே அமைப்பில் 48 மணி நேரத்தில் ஒரு படலத்தை வளர்த்துக் காட்டினார்கள். 2025-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியினர், ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்த கெராட்டினை வைத்து எனாமல் போன்ற பூச்சு செய்தார்கள். நம் முடியிலும் நகத்திலும் இருக்கும் அதே கெராட்டின்தான்.

சீனர்கள் வளர்த்த படலத்தின் கனம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர். கடைவாய்ப் பல்லின் முனையில் எனாமல் கனமோ 2 மில்லிமீட்டருக்கு மேல். ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஆகியிருக்கிறது. அதுவும் ஆய்வுக்கூடத்தில், எச்சில், சூடான காபி, முறுக்கு எல்லாம் அதற்கு இனிமேல்தான்.