மண்ணிற் புதைத்த சித்திரங்கள்

நைல் நதியின் இரு கிளைகளும் கூடுமிடத்தில், கார்த்தூமுக்கு எதிர்க்கரையில் அமைந்தது உம்மு துர்மான் நகரம். ஓவியர் இப்ராஹீம் அஸ்ஸலாஹி 1930 ஆம் ஆண்டில் அங்கே பிறந்தார். தந்தையார் வீட்டிலேயே குர்ஆன் மதரஸா நடத்திய ஆசிரியர். பிள்ளைகள் மரப்பலகையில் மைகொண்டு எழுதி, மனனமானதும் கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுதுவர். ஒரு பகுதி ஓதி முடிந்தால் பலகையை வண்ணக் கோலங்களால் அணிசெய்வது சூடானிய வழக்கம். அதற்கு ‘ஷரஃபா’ என்று பெயர். அச்சிறுவனின் கை சித்திரம் பழகியது அப்பலகையிலேதான். ஓவியம் என்றாலே முகஞ்சுளிப்போர் இதனைச் சற்றுக் கவனிப்பாராக.

லண்டன் ஸ்லேட் கலைக்கூடத்தில் 1954 முதல் 1957 வரை பயின்று திரும்பியவர், கார்த்தூம் கிராண்ட் ஹோட்டலில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். மக்கள் அவற்றில் மனம் பற்றவில்லை. அதற்காக அவர் மக்களை நொந்துகொள்ளவில்லை. அவர்கள் தத்தம் இல்லங்களில் விரும்பி வைத்திருப்பவை யாவை என்று தேடிப் புறப்பட்டார். அரபு எழுத்தணியும் கைவினைக் கோலங்களுமே எங்கும் கண்ணிற்பட்டன. எழுத்துக்களைப் பிரித்துப் பார்த்தார்; அவற்றின் வளைவுகளுக்கிடையே முகங்களும் உருவங்களும் எழுந்தன. ‘கார்த்தூம் ஓவிய மரபு’ என்று பின்னர் பேசப்பட்டதை உருவாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர்.

ஜஃபர் நுமைரியின் ஆட்சியில் லண்டன் தூதரகத்திலும், 1972 முதல் தாயகத்தின் பண்பாட்டுத் துறையிலும் உயர்பதவி வகித்தார். 1975 செப்டம்பரில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியொன்று தோல்வியுற்றது. அதில் அவருடைய உறவினர் ஒருவர் சம்பந்தப்பட்டிருந்தார். அந்த உறவு போதுமானதாயிற்று! குற்றச்சாட்டுமில்லை, விசாரணையுமில்லை, ஆறு மாதங்களுக்கு மேல் கோபர் சிறையில் அடைபட்டுக் கிடந்தார்.

அங்கே தாளும் பென்சிலும் விலக்கப்பட்டவை. அகப்பட்டால் தனிமைச் சிறை. முற்றத்தில் உலவ விடும் சிறுபொழுதில் மணலில் வரைந்து, உடனே அழித்துவிடுவார். பலகையில் எழுதிக் கழுவிய கைக்கு அது புதிதன்று. சிறு தாள்துண்டுகள் கிடைத்தபோது அவற்றில் வரைந்து மண்ணிற் புதைத்தார். ஒரு துண்டில் கருவை இடுவது, அடுத்த துண்டில் அதை வளர்ப்பது. முழு உருவம் எத்துணைப் பெரிதாகும் என்பதை வரைபவரே அறியார். அச்சத்தில் பிறந்த இம்முறை அவருடைய கலைமுறையாகவே நிலைத்துவிட்டது. இதுவன்றோ வியப்பு!

விடுதலைக்குப் பின் வீட்டுக்காவலிலிருந்த 1976 இல், சிறையில் கண்டவற்றை மையால் வரைந்தும் எழுதியும் ஒரு குறிப்பேட்டை நிரப்பினார். அது இப்போது நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் உள்ளது. 1977 இல் நாட்டை நீங்கிக் கத்தார் சென்றார்.

1984-85 இல் தீட்டிய ‘தவிர்க்க முடியாதது’ என்னும் ஓவியம் ஒன்பது பலகங்கள் கூடியது. கறுப்பு மையில் உயர்ந்தெழும் முஷ்டிகள் நிறைந்த அதுவும் துண்டு துண்டாக வளர்ந்ததே. 1985 ஏப்ரலில் மக்கள் எழுச்சியால் நுமைரி வீழ்ந்தார். ஆயினும் அவ்வோவியம் சூடானுக்குப் போகவில்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் காட்சியகத்தில் இருக்கிறது.

1998 இல் ஆக்ஸ்போர்டில் குடியேறினார். 2013 இல் லண்டன் டேட் மாடர்ன் கூடம் அவருடைய வாழ்நாட் படைப்புக்களைத் திரட்டிக் காட்டியது. முதுமையில் உடல்வலி மிகுந்து பெரிய சீலைகளின் முன் நிற்கவியலாதபோது, நாற்காலியில் அமர்ந்தபடியே, தாம் உட்கொண்ட மருந்துப் பெட்டிகளைப் பிரித்து அவற்றின் உட்புறத்தில் வரைந்தார்.