வடலூர் அடுப்பும் பட்டினி உடலின் வேதியியலும்

கடலூர் மாவட்டம் வடலூரில் 1867 மே 23 அன்று இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த அவர், பசி தீர்ப்பதை எல்லா வழிபாட்டுக்கும் முன்னால் வைத்தவர். பசித்தவருக்குச் சோறு போட வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. பல நாள் பட்டினி கிடந்த உடலுக்கு எந்தச் சோறு, எப்படி, எவ்வளவு என்பதுதான் ஆராய வேண்டியது. பஞ்ச நிவாரணத்தைத் தானியத்தின் எடையால் அளந்தவர்கள் தவறியது இங்கேதான்.

1877இல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியபோது, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டும் அதனுடன் பருப்பு, காய்கறியும் வேண்டும் என்றார். இன்றைய கணக்கில் ஒரு பவுண்டு அரிசி ஏறத்தாழ 1,600 கலோரி, 30 கிராம் புரதம். மண் வெட்டிச் சுமக்கும் ஆளுக்கு இது எந்த வகையிலும் போதாது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. சோற்றோடு சாம்பார் சேர்வது ருசிக்காக மட்டுமல்ல.

ஆனால் கார்னிஷின் கணக்கும் பாதிதான். தின்றதெல்லாம் உடலில் சேராது. பட்டினி தொடங்கினால் கல்லீரலில் சேமித்த சுமார் 100 கிராம் கிளைக்கோஜன் ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைப் பெரும்பாலும் தசைப் புரதத்தைக் கரைத்தே கல்லீரல் தயாரிக்கிறது. நாள் ஆக ஆகக் கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்கள் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன. குடலின் உட்சுவர்ச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் புதுப்பிக்கப்படுபவை. உணவு நின்றால் அந்தப் புதுப்பிப்பு தளர்கிறது, உறிஞ்சும் பரப்பு சுருங்குகிறது, கணையத்தின் நொதிகளும் குறைகின்றன. சென்னைப் பஞ்சத்தில் இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்த மருத்துவர் அலெக்சாண்டர் போர்ட்டர், குடல் சுவர் மெலிந்து கிடந்ததை 1889இல் வெளியான நூலில் பதிவு செய்தார். அப்படிப்பட்ட குடலுக்குக் குழைய வேகவைத்த கஞ்சியே ஏற்றது. வெந்து விரிந்த மாவுச்சத்தை மிச்சமிருக்கும் கொஞ்சம் அமைலேஸ் நொதிகூட எளிதாக உடைத்துவிடும்.

அதையும் ஒரேயடியாக ஊட்டக் கூடாது. மாவுச்சத்து பாய்ந்ததும் இன்சுலின் எழும்பும். இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்படும். ஏற்கெனவே வற்றிய உடலில் இதனால் இதயத் துடிப்பே தடுமாறலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீண்டவர்களில் பலர் உணவு கிடைத்த பின் இறந்தது இந்த அபாயத்தை மருத்துவ உலகுக்கு உணர்த்தியது. கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கு முதலில் 100 மில்லிக்கு 75 கலோரி மட்டுமே உள்ள பால் கலவையைச் சிறிது சிறிதாகக் கொடுப்பது இதனால்தான். பந்தியில் வற்புறுத்திப் போடும் நம் அன்பு, நெடும்பட்டினிக்காரரிடம் மட்டும் பொறுத்திருந்தே ஆக வேண்டும்.

குளுக்கோஸ் எரிய தயமின் என்ற வைட்டமின் பி1 அவசியம். இங்கே வடலூரை உள்ளடக்கிய பழைய தென்னாற்காடு மாவட்டத்துப் புழுங்கலரிசியைப் பாராட்டத்தான் வேண்டும். ஊறிய நெல்லை ஆவியில் அவிக்கும்போது உமிக்கடியில் உள்ள தவிட்டின் தயமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் (இன்றைய ஆந்திரக் கடலோர) மாவட்டங்களில் தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் நிலைகொண்டிருக்க, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாக இருந்தது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் மெக்காரிசனும் அய்க்ராய்டும் அரிசியை ஆராய்ந்ததன் பின்னணி இது.

தருமச்சாலைப் பந்தியில் இன்று உட்காருவோரில் பெரும்பாலோர் ஒருவேளைப் பசிக்காரர்கள். அவர்களுக்குச் சோறும் சாம்பாரும் தயங்காமல் போடலாம். நாள் கணக்கில் உண்ணாதவர்களை இன்று அதிகம் சந்திப்பது மருத்துவமனைகள்தான். குடியால் உணவை மறந்து மெலிந்து வருபவருக்கு அங்கே குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் ஊசி போடுகிறார்கள்.